முறுக்கு ஏன் நமுத்துப் போகிறது?

“மன்ற இதழில் எழுதுவதற்கு முறுக்குதானா கிடைத்தது?” என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ எழுத வேண்டிய அறிவியல் மாணவர் அடுப்பங்கரைக்குள் நுழைந்துவிட்டாரே என்று சிலர் எண்ணவும் கூடும். ஆனால், அடுப்பங்கரையும் ஓர் ஆய்வுக்கூடமே. அங்கே நாள்தோறும் நிகழ்வனவற்றுக்குக் காரணம் கேட்கத் தொடங்கினால், நாம் வகுப்பில் படித்த வெப்ப இயலும் வேதியியலும் ஒருங்கே வேண்டியிருக்கின்றன.

இதனை எழுதுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. எங்கள் குடும்பம் மணப்பாறைப் பக்கத்திலிருந்து கொச்சியிலுள்ள தேவராவுக்குக் குடியேறியது. என் தாயார் வீட்டில் முறுக்குச் சுட்டு, அண்டையிலுள்ள தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். கோடையில் ஒரு குறையும் இல்லை. இடவப்பாதி மழை தொடங்கிவிட்டாலோ, கடைக்குப் போன பொட்டலங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கும். “தணுத்துப் போயி” என்பார்கள் கடைக்காரர்கள். தணுத்தல் என்றால் குளிர்தல். நாம் ‘நமுத்துப் போயிற்று’ என்பதை மலையாளத்தில் இவ்வாறு சொல்வது வழக்கம். திரும்பிய பொட்டலத்துக்குக் காசு இல்லை. மாவும் எண்ணெயும் நாள் முழுதும் அடுப்படியில் நின்ற உழைப்பும் வீண். அரிசியை மாற்றிப் பார்த்தார். எண்ணெயை மாற்றிப் பார்த்தார். இறுதியில், “என் கைப்பக்குவம் போயிருச்சு” என்று சொல்லிவிட்டார்.

கைப்பக்குவம் என்பது அவ்வளவு எளிதில் போய்விடுமா? போகாது என்பதே என் எண்ணம். அதனைக் காட்ட, முறுக்கின் மொறுமொறுப்பு எங்கிருந்து வருகிறது, எவ்வழியே போகிறது என்பதை முறையாகக் காண்போம். வீட்டில் முறுக்குச் சுட விரும்புவோர்க்கு வேண்டிய அளவுகளையும் இடையிடையே தருகிறேன்.

மொறுமொறுப்பு என்பது யாது?

திருகிச் சுற்றுவதை முறுக்குதல் என்கிறோம். கல்லில் நன்றாகக் காய்ந்த தோசையை முறுகல் என்கிறோம். நம் பண்டத்தின் பெயர் இவ்விரண்டையும் நினைவூட்டுகிறது: வடிவத்தில் முறுக்கு, பக்குவத்தில் முறுகல்.

வெயிலில் நன்கு காய்ந்த அப்பளத்தை வளைத்துப் பாருங்கள்; ஒடிந்துவிடும். ஈரம் பட்ட அப்பளமோ துணிபோல் வளைந்து கொடுக்கும். பொருள் ஒன்றுதான், நீரின் அளவுதான் வேறு. அரிசி மாவில் பெரும்பகுதி மாப்பொருள். மாப்பொருளின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள் போன்றவை. நீர் நீங்கியபின் இச்சங்கிலிகள் அசையமுடியாமல், ஒழுங்கான வரிசையுமின்றி, நின்ற நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. சன்னல் கண்ணாடியின் உள்ளமைப்பும் இத்தகையதே. ஆகையால் இதனை அறிவியலார் ‘கண்ணாடி நிலை’ என்கின்றனர். கண்ணாடி வளைவதில்லை, உடைகிறது. முறுக்கைக் கடிக்கும்போது, அதனுள்ளே இருக்கும் எண்ணற்ற நுண்ணறைகளின் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைகின்றன. ஒவ்வோர் உடைப்பும் ஒரு சிறு ஒலி. அவ்வொலிகளின் தொகுதியே நாம் ‘கரகர’ என்றும் ‘மொறுமொறு’ என்றும் சொல்வது.

ஆகவே மொறுமொறுப்பை நாக்கு மட்டும் உணர்வதில்லை, செவியும் உணர்கிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஸ்பென்ஸ் என்பவரும் ஸம்பீனி என்பவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. உருளைக்கிழங்கு வறுவலைக் கடிப்பவரின் காதில், அவர் கடிக்கும் ஒலியையே கருவி கொண்டு கூட்டியும் குறைத்தும் கேட்பித்தார்கள். ஒலி கூடியபோது வறுவல் புதியது, மொறுமொறுப்பானது என்றனர்; குறைந்தபோது பழையது என்றனர். வறுவலில் யாதொரு மாற்றமும் இல்லை.

இக்கண்ணாடி நிலைக்குப் பகைவன் நீர். நீரின் மூலக்கூறு மிகச் சிறியது. அது மாப்பொருட் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றை நெகிழ்த்திவிடுகிறது. உறைந்து நின்ற சங்கிலிகள் அசையத் தொடங்குகின்றன. உடைய வேண்டிய சுவர் வளைகிறது, ஒலி மறைகிறது. எவ்வளவு நீர் புகுந்தால் இது நிகழும்? 1981-இல் காட்ஸ், லபூசா என்னும் இருவர் சோளப்பொரி, உருளைக்கிழங்கு வறுவல், உப்பு பிஸ்கட்டு முதலியவற்றை ஆராய்ந்து இதற்கு விடை கண்டனர். உணவுப் பொருளைச் சுற்றி அடைபட்ட காற்றின் ஈரப்பதத்தைக் கொண்டு, அப்பொருளில் கட்டுறாமல் இருக்கும் நீரை அளப்பது வழக்கம். அவ்வீரப்பதம் நூற்றுக்கு 35 முதல் 50 வரை எட்டும் எல்லையில் இத்தகைய பண்டங்கள் மொறுமொறுப்பை இழந்துவிடுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டும்.

இப்போது முறுக்கின் வரலாறு நீரின் வரலாறாகிவிடுகிறது. பிசையும்போது நீர் உள்ளே செல்கிறது, பொரியும்போது வெளியேறுகிறது, ஆறும்போது மீண்டும் நுழையப் பார்க்கிறது. மாவு, எண்ணெய், காற்று என்னும் மூன்று இடங்களிலும் அதனைப் பின்தொடர்வோம்.

மாவு

500 கிராம் மாவுக்கு அளவு இது: பச்சரிசி மாவு 400 கிராம், வறுத்து அரைத்த உளுந்து மாவு 100 கிராம், வெண்ணெய் 50 கிராம், உப்பு 10 கிராம், எள் ஒரு மேசைக்கரண்டி, சீரகம் அல்லது ஓமம் ஒரு தேக்கரண்டி, பெருங்காயம் சிறிது.

கொச்சியில் வாழும் தமிழர்க்கு முதற் சிக்கல் அரிசியிலேயே தோன்றும். இங்கே பெரிதும் உண்ணப்படும் மட்ட அரிசி புழுங்கலரிசி. புழுக்கியபோதே அதன் மாப்பொருள் ஒருமுறை வெந்துவிட்டது. அந்த மாவு நீரை மிகுதியாகக் குடிக்கும். கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் மாவு பெரும்பாலும் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஆனது, வறுத்தது. அதுவும் அவ்வாறே. குழலப்பத்துக்கு வறுத்த மாவே ஏற்றது. நம் முறுக்குக்கு அன்று. ஊறவைத்து அரைத்த புழுங்கலரிசியிலும் முறுக்குச் சுடுவோர் உண்டு. ஆயினும் அதன் பக்குவம் தனி. இங்குக் கூறும் அளவுகள் பச்சரிசிக்கே பொருந்தும்.

பச்சரிசியைக் கழுவி, அரைமணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்புக. கையில் எடுத்தால் ஒட்டாமலும், அழுத்தினால் ஈரம் தெரியும்படியும் இருக்கும்போதே அரைத்துவிட வேண்டும். உலர்ந்த அரிசியை அப்படியே அரைத்தால் மாப்பொருளின் நுண்மணிகள் பெருமளவு சிதைகின்றன. சிதைந்த மணிகள் நீரை மிகுதியாக உறிஞ்சும். ஈர அரிசி மென்மையாக இருப்பதால் மணிகள் அவ்வளவு சிதையாமல் மாவு நயமாக அமைகிறது. அரைத்தபின் சலித்து, இளஞ்சூட்டில் வாணலியில் புரட்டி ஈரத்தைப் போக்கிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் இது கட்டாயம்.

உளுந்தைச் சிறு தீயில் மணம் வரும்வரை வறுக்க வேண்டும், சிவக்கவிடலாகாது. உளுந்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். அதன் பசைத்தன்மை மாவைப் பிணைத்து, நுண்ணிய காற்றறைகளையும் தாங்கி நிற்கிறது. இட்டிலியை உப்பச் செய்யும் குணமே இங்கு முறுக்குக்கு உள்ளறைகளைத் தருகிறது. உளுந்து குறைந்தால் முறுக்குக் கல்லாகும். மிகுந்தால் எண்ணெய் குடிக்கும்.

வெண்ணெயின் வேலை வேறு. அது மாவுத் துகள்களைப் பூசிக்கொண்டு, அவை இறுகப் பிணைவதைத் தடுக்கிறது. அதனால் முறுக்கு வாயில் எளிதில் நொறுங்கும். அளவு மிஞ்சினால் பிணைப்பே இல்லாமற்போய், எண்ணெயில் இட்டவுடன் முறுக்குப் பிரிந்து கரையும். ஆதலின் முதலில் வெண்ணெயை மாவில் நன்றாகத் தேய்த்துக் கலந்து, அதன்பின் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். 500 கிராம் மாவுக்கு 300 முதல் 350 மில்லி லிட்டர் வரை நீர் பிடிக்கும். கையில் ஒட்டாமலும், உருட்டினால் விரிசல் விடாமலும் இருப்பதே பதம். நீர் குறைந்தால் அச்சிலிருந்து இறங்கும் இழை அறுபடும். கூடினால் அவ்வளவு நீரையும் பின்னர் எண்ணெய்தான் வெளியேற்ற வேண்டும். நீர் காலி செய்த இடங்களில் எண்ணெய் குடிபுகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மாவைச் சலிக்காமல் விட்டால் கட்டிகள் நிற்கும். 1 கிராம் நீர் ஆவியானால் 1,600 கன சென்டிமீட்டருக்கு மேல் இடம் வேண்டும். சீடை வெடிப்பதை நாம் அறிவோம். உருண்டையின் மேற்புறம் முதலில் இறுகிவிட, உள்ளே பிறந்த ஆவிக்கு வழியில்லாமற்போவதே அதற்குக் காரணம். வெடித்த சீடையோடு கொதிக்கும் எண்ணெயும் முகத்தில் தெறிக்கும். கண்ணுக்கே இடர் நேரலாம். முறுக்கின் மெல்லிய இழையும், அச்சின் நட்சத்திரக் கண் தரும் முட்களும் ஆவிக்கு வழிவிடுகின்றன. அழகுக்கென்று நாம் கருதும் முள், உண்மையில் பாதுகாப்பும் ஆகும். ஆயினும் கட்டியான மாவு இருந்தால் முறுக்கும் வெடிக்கும்.

எண்ணெய்

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ந்திருக்க வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு சிட்டிகை மாவை இட்டுப் பார்ப்பார்கள். அது அடியில் சென்று உடனே மேலெழுந்தால் சூடு சரி. அடியிலேயே கிடந்தால் போதாது. இட்டவுடன் சிவந்தால் மிகுதி.

முறுக்கைச் சுற்றி எழும் குமிழிகளை ‘எண்ணெய் கொதிக்கிறது’ என்கிறோம். உண்மையில் கொதிப்பது எண்ணெய் அன்று, முறுக்கிலுள்ள நீர். எண்ணெய் 180 டிகிரியில் இருந்தாலும், நீர் உள்ளவரை முறுக்கின் உட்பகுதி 100 டிகிரி அளவிலேயே நிற்கும். வெளியே பாயும் நீராவி எண்ணெயை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டும் இருக்கும். நீர் குறையக் குறையக் குமிழி குறையும். சடசட என்ற ஓசையும் தணியும். “சத்தம் அடங்கட்டும், அப்புறம் எடு” என்று என் அம்மாயி சொல்வார். கடிகாரம் பார்க்கத் தெரியாதவர் அவர். ஆயினும் முறுக்கில் எஞ்சிய நீரை அவர் செவியால் அளந்தார் என்பதில் ஐயமில்லை. நன்கு பொரிந்த முறுக்கில் எஞ்சும் நீர் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே.

சட்டி நிறைய முறுக்கை இட்டுவிட்டால் என்ன என்று அவசரக்காரர்கள் கேட்பதுண்டு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு முறுக்குக்கு 30 கிராம் பிசைந்த மாவு எனக் கொண்டால், அதில் ஏறத்தாழ 12 கிராம் நீர் இருக்கும். 1 கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கலோரி வேண்டும். அதனை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஆக 610, 12 கிராமுக்கு 7,320 கலோரி. சட்டியில் 1 கிலோ எண்ணெய் இருக்கிறது. 1 கிராம் எண்ணெயை 1 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ அரைக் கலோரி வேண்டும். ஆகவே அடுப்பு யாதொரு வெப்பமும் தராதென வைத்துக்கொண்டால், ஒரே முறுக்கு அவ்வெண்ணெயை ஏறத்தாழ 15 டிகிரி குளிரச் செய்துவிடும். நான்கு முறுக்கு 60 டிகிரி! அடுப்பு இடைவிடாமல் வெப்பம் தருவதால் அவ்வளவு இறங்குவதில்லை. எனினும், அடுப்பின் வலிமைக்கு மிஞ்சி இட்டால் எண்ணெய் குளிர்ந்து, நீர் மெல்லக் கசிந்து, முறுக்கு எண்ணெயில் ஊறிவிடும் என்பது தெளிவு.

சூடு மிகுந்தாலும் கேடு. மேற்புறம் சிவந்துவிடும், நடுவில் ஈரம் நிற்கும். எடுத்தவுடன் மொறுமொறுப்பாகவே இருக்கும். சில மணி நேரத்தில் நடுவிலுள்ள ஈரம் மேற்புறத்துக்குப் பரவி, காற்றுப் புகாத தகர டப்பாவினுள்ளும் முறுக்கு நமுத்துவிடும். இதனை அறிய ஒரு முறுக்கை ஒடித்து நடுவைப் பார்த்தால் போதும். உள்ளும் புறமும் ஒரே தன்மையாக இருக்க வேண்டும்.

இவ்விடத்தில் மணப்பாறை முறுக்கை நினைவு கூர்தல் பொருத்தமாகும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், திருச்சிராப்பள்ளிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையிலுள்ள ஊர் மணப்பாறை. அவ்வழியே இரயிலிலும் பேருந்திலும் செல்வோரிடம் கூவி விற்றே அந்த முறுக்குப் பெயர் பெற்றது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதனை இருமுறை பொரிப்பர். முதலில் அரைப்பதமாக எடுத்து ஆறவிட்டு, மீண்டும் எண்ணெயில் இடுவர். இடைப்பட்ட ஓய்வில் நடுவிலிருக்கும் ஈரம் வெளிப்புறம் நோக்கிப் பரவுகிறது. இரண்டாம் முறை அதனை எண்ணெய் எளிதில் வெளியேற்றிவிடுகிறது. நிறம் மிகாமல் ஈரம் மட்டும் நீங்க இஃது ஒரு சிறந்த வழி. அவ்வூரார் தம் ஊர்த் தண்ணீரின் இலேசான உப்புச் சுவையையும் காரணமாகச் சொல்வர். இருமுறை பொரிப்பதன் பயனை எவ்வூர்த் தண்ணீரிலும் காணலாம்.

எண்ணெயிலிருந்து எடுத்தவுடன் முறுக்கை ஜல்லிக்கரண்டியில் சாய்த்து நன்றாக வடிக்க வேண்டும். முறுக்குக் குளிரும்போது உள்ளிருக்கும் நீராவி சுருங்கி நீராகிறது. அவ்வெற்றிடம் மேற்புறத்தில் ஒட்டியுள்ள எண்ணெயை உள்ளே இழுக்கிறது. முறுக்குக் குடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி சட்டியில் குடித்ததன்று. சட்டியை விட்டு வெளியே வந்தபின் குடித்ததே. எனவே முதல் ஒரு நிமிடம் வடிப்பது, பிறகு ஒரு மணி நேரம் காகிதத்தில் ஒற்றுவதைவிட மேலானது. அச்சடித்த செய்தித்தாளில் வைத்தல் கூடாது. அச்சு மை உணவில் கலக்கும் என்பதால் 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிகள் அதனை விலக்கியுள்ளன.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். பொன்னிறத்துக்கும் மணத்துக்கும் காரணமான வேதிமாற்றத்தை 1912-இல் பிரெஞ்சு அறிஞர் மையார் விளக்கினார். புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் வெப்பத்தில் சேர்ந்து இதனை உண்டாக்குகின்றன. அளவு மிஞ்சிக் கருக்கினால் அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருளும் மிகுதியாக உண்டாகும். வறுத்த, பொரித்த உணவுகளில் அப்பொருள் இருப்பதை 2002-இல் சுவீடன் நாட்டார் கண்டு அறிவித்தனர். ஆகவே பொன்னிறம் போதும். பலமுறை காய்ந்து கறுத்துத் தடித்த எண்ணெயும் ஆகாது. பழைய எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டலாகாது என்ற விதி நம் நாட்டில் 2018 சூலை முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டில் அதனை அளக்க முடியாது. நுரை அடங்காமல் எழுந்தாலும், முன்பைவிடச் சீக்கிரம் புகைந்தாலும் அவ்வெண்ணெயை விட்டுவிட வேண்டும்.

காற்று

மாவும் சரி, எண்ணெயும் சரி. அப்படியிருந்தும் எங்கள் வீட்டு முறுக்கு ஏன் நமுத்தது? ஒடித்துப் பார்த்தேன், நடுவில் ஈரம் இல்லை. எஞ்சியிருப்பது மூன்றாம் இடமாகிய காற்றுதான்.

தேவராவின் மேற்கே காயல், காயலுக்கு நடுவே வில்லிங்டன் தீவு, அதற்கப்பால் மட்டாஞ்சேரி, பின்னர்க் கடல். கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மழைக்காலத்தில் இங்குக் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80-ஐத் தாண்டி நிற்பது வழக்கம்; பகலிலும் பெரிதும் இறங்குவதில்லை. மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் வாங்கி விற்கும் வணிகர்கள் சரக்கின் ஈரத்தைப் பார்த்தே விலை பேசுவதன் காரணம் இதுவே. உப்பும் இதற்குச் சான்று. தூய சோடியம் குளோரைடு ஈரப்பதம் 75-ஐத் தாண்டினால்தான் காற்றின் நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33-லேயே தொடங்கிவிடும். உப்புச் சாடி நீர் விட்டிருந்தால் அன்று முறுக்குக்கும் ஆபத்து என்று அறிக.

ஒரு சிறு சோதனை செய்தேன்; நண்பர்களும் செய்து பார்க்கலாம். மூன்று கண்ணாடிச் சாடிகளின் அடியில் முறையே மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் கார்பனேட், சோடியம் குளோரைடு ஆகியவற்றின் தெவிட்டிய கரைசலை வைத்தேன். மூடிய சாடிக்குள் இவை முறையே 33, 43, 75 என்ற ஈரப்பதத்தைத் தருவன. கரைசல் படாதவாறு மேலே வலையில் முறுக்கை வைத்து மூடினேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால், முதற் சாடியில் இருந்தது ‘நறுக்’கென்று ஒடிந்தது, இரண்டாவது ஒலியின்றி ஒடிந்தது, மூன்றாவது வளைந்தது. காட்ஸ், லபூசா கூறிய எல்லை முறுக்குக்கும் பொருந்துகிறது.

அடுத்து, தாயாரின் வழக்கத்தைக் கவனித்தேன். காலையில் சுட்ட முறுக்கை அகன்ற தட்டில் பரப்பி, மாலை வரை ஆறவிட்டு, விளக்கு வைத்தபின் பொட்டலம் கட்டுவார். அம்மாயி கற்றுக்கொடுத்த முறை அது: “பொழுது சாயுற வரைக்கும் ஆறட்டும், சூட்டோட கட்டினா நமுத்துப்போவும்.” நான் நண்பகல் 12 மணிக்கு 200 கிராம் முறுக்கை நிறுத்து அதே தட்டில் வைத்தேன். வெளியே மழை. மாலை 6 மணிக்கு நிறுத்தபோது 207 கிராம் இருந்தது. யாரும் ஒன்றும் சேர்க்கவில்லை. காற்று 7 கிராம் நீரைச் சேர்த்திருந்தது. பொரிந்து வந்தபோது அம்முறுக்கில் இருந்த நீரே ஏறத்தாழ 6 கிராம்தான். ஆறு மணி நேரத்தில் அஃது இரட்டிப்பாகிவிட்டது. பொட்டலத்துக்குள் போகுமுன்பே முறுக்கு நமுக்கத் தொடங்கிவிட்டது. உறையின்மீதும் கடைக்காரர்மீதும் பழி சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் அம்மாயி சொன்னது தவறா? அன்று. சூட்டோடு கட்டினால் முறுக்கிலிருந்து வரும் ஆவி உறையின் உட்புறத்தில் நீராகப் படியும். ஆகவே ஆறவிடுவது சரியே. எவ்வளவு நேரம் என்பதில்தான் ஊர் குறுக்கிடுகிறது. கோடைப் பிற்பகலில் மணப்பாறைக் காற்றின் ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே மாலை வரை தட்டில் கிடந்தாலும் பெரிய கேடில்லை. சொன்ன முறை ஊர் விட்டு ஊர் வந்தது. அம்முறைக்கு உடன்பட்டிருந்த காற்று வரவில்லை.

எப்போது கட்டுவது என்பதற்கும் இயற்பியல் விடை தருகிறது. 28 டிகிரியில் ஈரப்பதம் 85 உள்ள காற்றை 45 டிகிரிக்குச் சூடேற்றினால், நீரின் அளவு மாறாவிட்டாலும், ஈரப்பதம் ஏறத்தாழ 33-ஆகக் குறைந்துவிடும். எனவே முறுக்கு இளஞ்சூடாக இருக்கும்வரை அதனை ஒட்டியுள்ள காற்று உலர்ந்த காற்றே, நமுக்காது. அது முற்றிலும் குளிர்ந்த கணத்திலிருந்தே ஈரம் ஏறத் தொடங்குகிறது. ‘தணுத்துப் போயி’ என்று மலையாள மக்கள் சொல்வது எவ்வளவு பொருத்தம்!

இதிலிருந்து எங்கள் வீட்டில் நான்கு மாற்றங்கள் செய்தோம். முதலாவது, ஒரே மூச்சில் சுடாமல் சிறு சிறு ஈடுகளாகச் சுடுதல். இரண்டாவது, தட்டில் குவிக்காமல் கம்பி வலைமேல் பரப்பி, அரைமணிக்குள், உள்ளங்கைக்குச் சூடு தெரிவது அடங்கும் வேளையில் உடனே தகர டப்பாவில் இட்டு இறுக மூடுதல். மூன்றாவது, ரப்பர் வளையம் போட்ட மெல்லிய பாலித்தீன் உறையை விட்டு, தடித்த உறையில் நான்கு நான்கு முறுக்காக இட்டு வாயை உருக்கி ஒட்டுதல். மெல்லிய உறை மழைத்துளியைத் தடுக்கும். நீராவியை முற்றிலும் தடுக்காது. நான்காவது, கடையில் பெரிய கண்ணாடிச் சாடியில் கொட்டி வைக்க வேண்டா என்று கேட்டுக்கொள்ளுதல். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சாடி நிறைய ஈரக்காற்றை நாமே வரவேற்கிறோம்.

நமுத்துவிட்ட முறுக்கையும் எறிய வேண்டா. வெறும் இருப்புச்சட்டியிலோ மின் அடுப்பிலோ 100 டிகிரிக்குச் சற்று மேல் பத்து நிமிடம் சூடேற்றினால் புகுந்த நீர் வெளியேறி மொறுமொறுப்பு மீளும். ஆனால் சிக்கு வாடை வந்துவிட்டதைச் சூடு மாற்றாது. அஃது எண்ணெய் உயிர்வளியோடு சேர்ந்து கெட்டதன் அறிகுறி.

முடிவாக

அந்தக் கர்க்கடக மாதத்தில் திரும்பி வந்த பொட்டலங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தராசில் கண்ட 200-ஐயும் 207-ஐயும் தாயாரிடம் விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், “அப்ப என் கை கெடல” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஈட்டுக்கு மாவு பிசையச் சென்றார்.

மட்டாஞ்சேரியின் குஜராத்தி வீதியில் பல தலைமுறைகளாக வாழ்பவர்கள் கடலைமாவில் காண்டியாவும் சேவும் செய்கிறார்கள். அவையும் வறண்ட நாட்டிலிருந்து ஈர நாட்டுக்கு வந்த பண்டங்களே. ஊர் பெயர்ந்தவர் யாவரும் இப்படி ஒரு பக்குவத்தைக் கையோடு கொண்டுவருகிறார்கள். பிழைப்பும் சில வேளைகளில் அதனையே நம்பி இருக்கிறது. பக்குவம் பிறந்த ஊரின் மண்ணுக்கும் காற்றுக்கும் ஏற்ப அமைந்தது. புதிய ஊரில் அது பிசகினால் கையைக் குறை கூறுகிறோம். அல்லது பழைய முறையையே பழிக்கிறோம். இரண்டும் வேண்டா. முறைக்குள் மறைந்திருக்கும் காரணத்தைக் கண்டுகொண்டால், அம்முறையைப் புதிய ஊருக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள முடியும்.

விடுமுறைக்கு வீடு செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடுப்பங்கரையில் சொல்லும் விதிகளுள் ஒன்றையேனும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிவாருங்கள். அருகில் காரணத்தை எழுத இடம் விட்டுவையுங்கள். நம் ஆய்வுக்கூடத்தில் தராசும் வெப்பமானியும் இருக்கின்றன. அவ்விடத்தை நாம் சேர்ந்து நிரப்புவோம்.